கதைகளின் தடம் – 12: கதைக்கு ஜாதகம் கணித்தவர்கள்

1827-ஆம் ஆண்டு, தென்மேற்கு பிரான்சில் ஆஜென் என்ற ஊரில் நூலகராக இருந்த ழான்-பாப்திஸ்த் பெரெஸ் ஒரு சின்னப் புத்தகம் போட்டார். நெப்போலியன் என்று ஒருவர் பிறக்கவே இல்லை என்பது அதன் வாதம். நெப்போலியன் செயின்ட் ஹெலினா தீவில் கண்ணை மூடி அப்போது ஆறே வருஷம்தான் ஆகியிருந்தது. அவருடைய படையில் சேர்ந்து கால் போனவர்களும் கை போனவர்களும் ஊருக்கு நாலு பேர் உட்கார்ந்திருந்த காலம். அவர்கள் காதுபடவே பெரெஸ் சொன்னார்: நெப்போலியன் மனிதன் இல்லை, சூரியன்.

பெயரில் ஆரம்பிக்கிறார். கிரேக்கர்களின் சூரிய தேவன் அப்பல்லோ. அந்தப் பெயருக்கு முன்னால் ஓர் அசை ஒட்டிக்கொண்டால் நெப்போலியன். போனபார்ட் என்றால் நல்ல பாதி. ஒரு நாளுக்கு இரண்டு பாதி, அதில் நல்ல பாதி வெளிச்சம். அப்பல்லோ பிறந்தது மத்தியதரைக் கடலில் ஒரு தீவில். நெப்போலியன் பிறந்ததாகச் சொல்லப்படும் கோர்சிகாவும் அதே கடலில்தான் இருக்கிறது. அப்பல்லோவின் தாய் லெட்டோ. இவருடைய தாய் லெத்தீசியா. மூன்று சகோதரிகள் யார்? அப்பல்லோவின் அவையில் நிற்கும் மூன்று எழில் தேவதைகள். நான்கு சகோதரர்கள்? நான்கு பருவங்கள். அவர்களில் மூவர் நெப்போலியனால் அரசர் ஆனார்கள் என்கிறது வரலாறு. ஆகத்தானே வேண்டும்? வசந்தம் பூக்களை ஆளும், கோடை கதிர்களை ஆளும், இலையுதிர் காலம் பழங்களை ஆளும். மூன்றுக்கும் அதிகாரம் கொடுப்பது சூரியன். குளிர்காலத்துக்கு ஆள எதுவும் கிடையாது. ஆகவே நான்காமவர் லூசியனுக்கு முடி இல்லை. அவருக்குக் கிடைத்தது ‘கானினோ’ என்ற ஒரு குட்டி இளவரசுப் பட்டம். லத்தீனில் ‘கானி’ என்றால் நரைமுடி. குளிர்காலத்தின் தலையில் பனி!

இப்படியே போகிறது. இரண்டு மனைவிகள்: சந்திரனும் பூமியும். சந்திரன் பெறுவதில்லை, எனவே முதல் மனைவி ஜோசஃபினுக்கு அவரால் பிள்ளை இல்லை. பூமி பெறும், இரண்டாம் மனைவிக்கு ஒரே மகன், பிறந்த நாள் மார்ச் 20. பகலும் இரவும் சமமாகும் வசந்த காலத் தொடக்கம். பன்னிரண்டு தளபதிகள் பன்னிரண்டு ராசிகள். ரஷ்யாவுக்குப் போய்ப் பின்வாங்கியது? வடக்கே போகும் சூரியன் மூன்று மாதத்தில் கடக ரேகையைத் தொட்டுத் திரும்புகிறது அல்லவா. கடகம் என்றால் நண்டு, நண்டு பின்னால்தானே நடக்கும்! எகிப்திலிருந்து, அதாவது கிழக்குக் கடலிலிருந்து கிளம்பி வந்தவர் கடைசியில் மேற்குக் கடலில் மறைந்துபோனார். இதற்கு மேலும் சாட்சி வேண்டுமா?

வேண்டுமென்றால் அதையும் கடைசியில் கொடுக்கிறார். அரியணைக்குத் திரும்பிய பதினெட்டாம் லூயி தன் ஆட்சியாண்டை 1795-இலிருந்தே எண்ணிக்கொண்டு வந்தார். அரசாணைகளில் அப்படித்தான் தேதி இருந்தது. அத்தனை வருஷமும் லூயிதான் ராஜா என்று அரசு முத்திரையே சொல்லும்போது, நடுவில் நெப்போலியன் எங்கே ஆண்டார்? அரசவையின் பாசாங்கைக் குத்திய இந்த இடம்தான் புத்தகத்தில் எனக்கு மிகவும் பிடித்தது.

பெரெஸுக்குப் பைத்தியம் பிடித்திருக்கவில்லை. அவர் அடித்தது வேறு ஒருவரை. போன இதழில் பார்த்த பென்ஃபை, கதைகள் கால் முளைத்து இந்தியாவிலிருந்து மேற்கே நடந்தன என்றார். அவருக்கு முன்னாலும் பின்னாலும் ஐரோப்பாவில் இன்னொரு கட்சி இருந்தது. கதைகள் நடக்கவில்லை, வானத்திலிருந்து இறங்கின என்ற கட்சி. கதை எதைக் கொடுத்தாலும் அதற்கு ராசி, கிரகம், உதயம், அஸ்தமனம் பார்த்து ஜாதகம் எழுதிவிடுவார்கள். அந்தக் கட்சியின் முதல் பெரிய கணிதர் சார்ல்-பிரான்சுவா துப்புயி.

துப்புயி 1742-இல் பிறந்தவர். அப்பா ஏழைப் பள்ளி ஆசிரியர். மகனுக்கு நிலம் அளக்கக் கற்றுக்கொடுத்தார். பையனின் கெட்டிக்காரத்தனத்தைக் கண்ட ஒரு பிரபு பாரிசில் படிக்க வைத்தார். இலக்கியம் கற்பிக்கும் பேராசிரியர் ஆனபிறகு, அந்தக் காலத்தின் பெரிய வானியலாளர் லலாந்தின் வகுப்புகளில் போய் உட்கார்ந்தார். கை சும்மா இருக்காத மனிதர். 1778-இல் தொலைவிலிருந்து சைகையால் செய்தி அனுப்பும் ஒரு கருவி கட்டி, பாரிசுக்கு வெளியே இருந்த நண்பர் ஒருவரோடு அதில் பேசிக்கொண்டிருந்தார். பிறகு புரட்சி வந்தது. யாரைக் கண்டாலும் உளவாளி என்ற காலம் அது. கருவியைத் தானே உடைத்துப் போட்டுவிட்டார்.

உடைக்காமல் வைத்திருந்தது தன் கொள்கையை. 1795-இல் ‘எல்லா வழிபாடுகளின் தோற்றம்’ என்ற பெயரில் அது பெருநூலாக வந்தது. ஹெர்குலிசின் பன்னிரண்டு சாகசங்களா? சூரியன் பன்னிரண்டு ராசிகளில் நடக்கும் ஒரு வருஷப் பயணம். முதலில் கொன்ற சிங்கம் சிம்ம ராசி. அடுத்து வெட்டிய பலதலைப் பாம்பு, சிம்மத்துக்கும் கன்னிக்கும் அடியில் நீளமாகப் படுத்திருக்கும் ஹைட்ரா விண்மீன் கூட்டம். ஏசு கிறிஸ்துவின் வரலாற்றையும் இதே அச்சில் வார்த்து, குளிர்கால அயனத்தில் பிறக்கும் சூரியன், கன்னி ராசி, பன்னிரண்டு சீடர் என்று வரிசைப்படுத்தினார். பெரெஸ் போன்ற பக்தர்களுக்குக் கோபம் வந்தது இதனால்தான். உன் அளவுகோலை வைத்தே நேற்று இறந்தவனையும் இல்லாமல் ஆக்கிக் காட்டுகிறேன் பார் என்று கிளம்பினார்.

துப்புயியை வெறும் கற்பனைக்காரர் என்று தள்ளிவிடுவதும் நியாயம் இல்லை. அவர் கையில் ஒரு நல்ல கருவி இருந்தது. அயனச் சலனம். தமிழ் வாசகருக்கு அதை விளக்கச் சமன்பாடு தேவையில்லை, சுவரில் மாட்டியிருக்கும் தினசரிக் காலண்டர் போதும். தை முதல் நாள், ஜனவரி 14-ஐ ஒட்டி, சூரியன் மகர ராசியில் நுழைகிறது. உத்தராயணம் பிறந்தது என்று பொங்கல் வைக்கிறோம். ஆனால் சூரியன் வடக்கே திரும்புவது டிசம்பர் 21 அல்லது 22-இல். நடுவில் 24 நாள் எங்கே போயிற்று? பூமியின் அச்சு, வேகம் குறைந்த பம்பரம்போல மெல்லத் தலையைச் சுற்றுகிறது. ஒரு சுற்றுக்குச் சுமார் 25,800 ஆண்டுகள். ஏறக்குறைய 72 ஆண்டுக்கு ஒரு பாகை. விண்மீன்களின் பின்னணியில் பார்த்தால், அயனம் நிகழும் இடம் இப்படி நழுவிக்கொண்டே போகிறது. சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன் மகரப் பிறப்பும் உத்தராயணமும் ஒரே நாளில் விழுந்தன. ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர், பழைய நூல்கள் தட்சிணாயனத்தை ஆயில்யத்தின் நடுவில் சொல்கின்றனவே, இப்போது கடகத் தொடக்கத்தில் அல்லவா நிகழ்கிறது என்று குறித்து வைத்தார். ஆக, ஒரு பழைய நூலோ கதையோ இன்ன அயனத்தில் இன்ன விண்மீன் என்று சொன்னால், அது எந்தக் காலத்தது என்று கணக்குப் போட வழி இருக்கிறது. எங்கள் வீட்டில் ஜோசியர் என்றால் கல்யாணப் பொருத்தம் பார்ப்பவர், அவ்வளவுதான். பழைய தமிழில் சோதிடம் என்ற சொல் இந்தக் கணக்கையும் சேர்த்தே குறித்தது.

கருவி நல்லதுதான், துப்புயி அதை வைத்துக்கொண்டு வெகுதூரம் போய்விட்டார். ராசிச் சின்னங்கள் மேல் எகிப்தின் விவசாய நாட்காட்டி என்று முடிவு கட்டினார். நைல் வெள்ளம் வரும்போது கும்பமும் மீனமும் சூரியனுக்கு இடமாக இருக்க வேண்டும். ஏர் பூட்டும்போது ரிஷபம். அறுவடையின்போது கதிர் ஏந்திய கன்னி. பகலிரவு சமமாகும்போது துலாம். எல்லாம் பொருந்த வேண்டும் என்றால், கோடை அயனம் மகரத்தில் விழுந்திருக்க வேண்டும். கணக்குப் போட்டால் சுமார் 15,000 ஆண்டுகளுக்கு முன்னால் போய் நிற்கிறது! உலகம் படைக்கப்பட்டே ஆறாயிரம் வருஷம்தான் என்று பாதிரிமார் சொல்லிக்கொண்டிருந்த ஐரோப்பாவில் இது குண்டு.

பிறகு, குண்டுக்கு மருந்து சேர்த்ததுபோல, எகிப்திலிருந்து ஒரு கல் வந்தது. நெப்போலியனின் படை எகிப்துக்குள் போனபோது தெந்தேரா என்ற ஊரின் ஹாதோர் கோயிலில், மேல்தளத்து அறை ஒன்றின் கூரையில் வட்டமாகச் செதுக்கிய ராசிச் சக்கரத்தைக் கண்டார்கள். அது பல ஆயிரம் ஆண்டு பழையது என்று துப்புயியின் வழியில் வந்தவர்கள் வாதிட்டார்கள். 1821-இல் லெலொரேன் என்பவர் ரம்பமும் உளியும் வெடிமருந்தும் கொண்டு கூரையையே பெயர்த்து எடுத்தார். பதினெட்டாம் லூயி 1,50,000 பிராங்க் கொடுத்து வாங்கினார். மறுவருஷமே, எகிப்திய எழுத்தைப் படிக்கும் சாவியைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்த ஷம்போலியோன், இது கிரேக்க-ரோமானியக் காலத்து வேலை என்றார். இன்றைய கணிப்பு கி.மு. 50-ஐ ஒட்டி. கூரையை இழந்த கோயிலில் இப்போது ஒரு நகலைப் பதித்து வைத்திருக்கிறார்கள். அசல் லூவ்ர் அருங்காட்சியகத்தில்.

ஹெர்குலிசின் பன்னிரண்டு கணக்கிலும் ஒரு வேடிக்கை உண்டு. அப்பல்லோடோரஸ் பெயரில் வழங்கும் பழைய கதைத் தொகுப்பைப் பார்த்தால், ஹெர்குலிசுக்கு முதலில் இட்ட வேலைகள் பத்துதான். பாம்பை வெட்டும்போது ஆள் துணைக்கு வந்தது செல்லாது, தொழுவம் கழுவியதற்குக் கூலி பேசியது செல்லாது என்று எஜமானன் இரண்டைத் தள்ளுபடி செய்து, பதிலுக்கு இரண்டு சேர்த்தான். ராசிச் சக்கரத்தில் இந்தக் கூலித் தகராறுக்கு எங்கே இடம்?

துப்புயியின் ஜாதகம் ராசியில் நின்றது. அடுத்த தலைமுறையின் ஜாதகம் சொல்லில் எழுதப்பட்டது. எழுதியவர் நமக்குத் தெரிந்தவர்தான்: மாக்ஸ் முல்லர். 1823-இல் ஜெர்மனியின் தெசாவ் நகரில் பிறந்து, ஆக்ஸ்போர்டில் குடியேறி, கிழக்கிந்தியக் கம்பெனியின் பணத்தில் சாயணர் உரையோடு ரிக்வேதத்தைப் பதிப்பித்தவர். முதல் தொகுதி 1849, ஆறாவது 1874. தன் பெயரைக்கூட ‘மோக்ஷமூலர்’ என்று சமஸ்கிருதமாக்கி முகப்பில் போட்டுக்கொண்டார். இந்தியாவுக்கு ஒருமுறைகூட வந்ததில்லை.

1856-இல் அவர் எழுதிய ‘ஒப்பியல் புராணவியல்’ என்ற நீண்ட கட்டுரை ஐரோப்பாவைச் சில பத்தாண்டுகள் ஆட்டி வைத்தது. அதன் சாரம் இது. ஆதி ஆரியர்களிடம் அருவமாகப் பேசச் சொற்கள் இல்லை. சூரியன் உதிக்கிறது என்று சொல்ல, ‘ஒளிர்பவன் எரிபவளைத் துரத்துகிறான்’ என்றார்கள். எல்லாச் சொல்லுக்கும் ஆண்பால் பெண்பால் இருந்தது. காலம் போகப் போகச் சொல்லின் பழைய பொருள் மறந்துபோனது. வாக்கியம் மட்டும் மிஞ்சியது. எரிபவள் யார், ஏன் துரத்தினான் என்று கேட்ட பேரப்பிள்ளைகளுக்கு ஒரு கதை கட்ட வேண்டியதாயிற்று. புராணம் என்பது மொழிக்கு வந்த நோய் என்றார். நோய்க்கு மருந்து சமஸ்கிருதம். அப்பல்லோ துரத்த, மரமாக மாறிப்போன டாஃப்னியின் பெயரை வேதச் சொற்களோடு ஒட்டி வைத்து, அவள் விடியல் என்று கண்டுபிடித்தார். ஊர்வசியைப் பிரிந்து புலம்பும் புரூரவஸ் சூரியன், ஊர்வசி விடியல். அவருடைய நண்பர்களும் சீடர்களும் இன்னும் வேகமாகப் போனார்கள். ஜார்ஜ் காக்ஸ் 1870-இல் இரண்டு தொகுதி நிறையச் சூரியன்களாக எழுதித் தள்ளினார். ஓநாய் விழுங்கிய சிவப்புத் தொப்பிச் சிறுமிகூட, இருள் விழுங்கிய வானச் சிவப்பாகிவிட்டாள்.

மாக்ஸ் முல்லர் எடுத்துக்கொண்ட ஒரு கதையை மட்டும் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். சாங்கிய சூத்திரத்தின் நான்காம் அத்தியாயத்தில், நிபந்தனையை மறந்தால் துன்பம் வரும் என்பதற்கு உவமையாக ‘பெண் தவளையைப் போல’ என்று ஒரு சூத்திரம் வருகிறது. தவளைப் பெண்ணை மணந்த அரசன், தண்ணீரைக் காட்டக் கூடாது என்ற வாக்கை மறந்து அவளை இழந்த கதை. மாக்ஸ் முல்லர் சொன்னார்: அடிவானத்தில் தண்ணீரின் மேல் குந்தியிருக்கும் சூரியனுக்குத் தவளை என்று ஒரு பழைய பெயர். சூரியன் தண்ணீரைத் தொட்டால் மறைகிறது. பெயரின் பொருள் மறந்ததும் தவளை இளவரசி பிறந்தாள்.

படித்தவுடன் அழகாகத்தான் இருக்கிறது. அதே கதை மகாபாரதத்தின் வன பர்வத்தில் விரிவாக இருக்கிறது, மார்க்கண்டேயர் சொல்வதாக. அயோத்தி அரசன் பரீட்சித்து (அபிமன்யுவின் மகன் இல்லை, இக்ஷ்வாகு குலத்தவன்) வேட்டையில் வழி தப்பிப் பசியும் தாகமுமாக ஒரு குளத்தங்கரைக்கு வருகிறான். தாமரைத் தண்டுகளைப் பறித்துக் குதிரைக்குப் போட்டுவிட்டுப் படுத்தவன் காதில் ஒரு பாட்டு விழுகிறது. பூப் பறித்துக்கொண்டே ஒரு பெண் பாடுகிறாள். தண்ணீரை என் கண்ணில் காட்டக் கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு வருகிறாள். அரசன் அவளோடு அந்தப்புரமே கதி என்று கிடக்கிறான், யாரையும் பார்ப்பதில்லை. மந்திரி பணிப்பெண்களை விசாரித்து விஷயத்தைத் தெரிந்துகொண்டு, தண்ணீரே இல்லாத ஒரு சோலை அமைக்கிறான். ஒரு ஓரத்தில் மட்டும் முத்துவலை போர்த்தி மறைத்த ஒரு குளம். சோலையில் திரிந்து களைத்த அரசன், மாதவிப் பந்தலுக்குள் தெளிந்த தண்ணீரைக் கண்டு, வாக்கை மறந்து, இறங்கு என்கிறான். இறங்கியவள் எழவில்லை. குளத்தை இறைத்துப் பார்த்தால் ஒரு வளை வாயில் தவளை உட்கார்ந்திருக்கிறது. தவளைகள்தான் என் மனைவியைத் தின்றன என்று நாடெங்கும் தவளைக் கொலைக்கு உத்தரவிடுகிறான். என்னைப் பார்க்க வருபவன் செத்த தவளையைக் காணிக்கையாகக் கொண்டுவர வேண்டும்! கடைசியில் தவளை அரசன் தவசி வேடத்தில் வந்து உண்மையைச் சொல்கிறான்: அவள் என் மகள் சுசோபனை, இதற்கு முன்னும் பல அரசர்களை இப்படி ஏமாற்றியவள்.

சூரியக் கணிதர் இதில் இரண்டே புள்ளியை எடுத்துக்கொண்டார்: அவள் தவளை, தண்ணீர் பட்டால் மறைவாள். மந்திரியின் தந்திரம், முத்துவலை, காணிக்கைத் தவளைகள், பெற்ற மகளின் வண்டவாளத்தை மருமகனிடமே போட்டு உடைக்கும் மாமனார், எல்லாம் தரையில் கிடக்கின்றன. கதை சொல்பவர் ருசித்துச் சொன்ன இடங்கள் இவைதான். கேட்டவர்கள் கதையை ஞாபகம் வைத்திருந்ததும் இவற்றால்தான் என்பது என் கட்சி.

இங்கிலாந்தில் எட்வர்ட் டைலர் இந்த முறையின் பலவீனத்தை 1871-இல் ஒரு குழந்தைப் பாட்டை வைத்து விளையாட்டாகக் காட்டினார். அப்பத்துக்குள் வைத்துச் சுட்ட இருபத்துநாலு கரும்பறவைகளைப் பற்றிய ஆங்கில மழலைப் பாட்டு அது. இருபத்துநாலு பறவை இருபத்துநாலு மணி நேரம். அப்பத்தின் அடிப்பாகம் பூமி, மேல் மூடி வானம். பொற்காசு எண்ணும் ராஜா சூரியன். தேன் தின்னும் ராணி சந்திரன். துணி உலர்த்தும் வேலைக்காரி, ராஜாவுக்கு முன்பே எழும் விடியல். எல்லாம் பொருந்தியது. எதுவும் பொருந்தும் என்பதைத்தான் அவர் காட்டினார்.

இவர்கள் தமிழ் படித்திருந்தால் பாட்டி வடை சுட்ட கதையை விட்டுவைத்திருக்க மாட்டார்கள். வட்டமாக, பொன்னிறமாக எழும்பி வருவது வடை: சூரியன். அதைக் கவ்விக்கொண்டு போகும் கறுப்புக் காக்கை: இரவு. செம்பழுப்பு நிறத்தில் வந்து நிற்கும் நரி: விடியற்காலம். விடிந்தால் காக்கை கரையும் என்பது ஊரறிந்த சமாசாரம். கரைந்ததும் வாய் திறக்கிறது, வடை வெளியே வருகிறது, பொழுது புலர்கிறது. பாட்டி யார் என்று கேட்கவே வேண்டாம். அவள்தான் நிலாவிலும் உட்கார்ந்து வடை சுடுகிறாளே! இதை எழுத எனக்கு ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. பாட்டியும் நிலாவும் பொருந்திய கணத்தில், உண்மையைச் சொன்னால், கொஞ்சம் சிலிர்த்தது. அந்தச் சிலிர்ப்புதான் ஆபத்து. ஈசாப் கதையில் காக்கையின் வாயில் இருந்தது பாலாடைக்கட்டி என்பதை நினைத்துப் பார்த்துத்தான் தரைக்கு இறங்கினேன்.

பெரெஸ் துப்புயிக்குச் செய்ததை, மாக்ஸ் முல்லருக்குச் செய்தவர் லிட்டில்டேல் என்ற ஆங்கிலிக்கன் பாதிரியார். 1870-இல் டப்ளின் டிரினிட்டி கல்லூரியின் ‘கொட்டபோஸ்’ என்ற இதழில் ‘ஆக்ஸ்போர்டின் சூரியப் புராணம்’ என்று எழுதினார். மாக்ஸ் என்றால் மகா. முல்லர் என்றால் ஜெர்மன் மொழியில் மாவு அரைப்பவர். மகா அரைப்பவர் என்று ஒரு பேராசிரியர் இருக்க முடியுமா? கிழக்கே ஜெர்மனியில் தோன்றி மேற்கே ஆக்ஸ்போர்டுக்கு நகர்ந்தவர் வேறு யாராக இருக்க முடியும்? எல்லாம் முல்லரின் சொந்த முறை, சொந்த வேர்ச்சொல் ஆராய்ச்சி. 1909-இல் மாக்ஸ் முல்லரின் அந்த 1856 கட்டுரை தனி நூலாக மறுபதிப்பு வந்தபோது, பதிப்பாசிரியர் இந்தக் கேலியையும் சேர்த்தே அச்சிட்டார். முல்லர் காலமாகி ஒன்பது வருஷம் ஆகியிருந்தது.

கேலி மட்டும் ஒரு கொள்கையைச் சாய்த்துவிடாது. ஆதாரத்தோடு வந்தவர் ஸ்காட்லாந்துக்காரர் ஆண்ட்ரூ லாங். குழந்தைகளுக்கு ‘நீலத் தேவதைக் கதைப் புத்தகம்’ தந்தவர். 1873-இல் தொடங்கி இருபத்தைந்து வருஷம் விடாமல் அடித்தார். அவர் கேட்டது இரண்டு கேள்வி. வேதச் சொல் தெரிந்தால்தான் கிரேக்கக் கதை புரியும் என்றால், சமஸ்கிருத வாடையே படாத ஜூலு மக்களிடமும் மாவோரிகளிடமும் அதே மாதிரிக் கதைகள் எப்படி வந்தன? அடுத்தது, வேர்ச்சொல் ஆராய்ச்சி அறிவியல் என்றால், ஒரே பெயரை ஒரு பண்டிதர் விடியல் என்றும் இன்னொருவர் புயல் என்றும் சொல்வது ஏன்? அடால்பர்ட் கூன் என்ற ஜெர்மானியருக்கு எங்கே பார்த்தாலும் இடியும் மின்னலும்; முல்லருக்கு எங்கே பார்த்தாலும் விடியல். இரண்டு ஜோசியர் ஒரே ஜாதகத்துக்கு இரண்டு லக்னம் போட்டால் வாடிக்கையாளர் எழுந்து போய்விடுவார். வாசகர்களும் போனார்கள். 1955-இல் ரிச்சர்ட் டார்சன் என்ற அமெரிக்க நாட்டாரியலாளர் இந்தச் சண்டையின் வரலாற்றை எழுதியபோது ‘சூரியப் புராணவியலின் கிரகணம்’ என்று தலைப்பு வைத்தார்.

கிரகணம் விடாமல் இருக்குமா? 1969-இல் சாந்தில்லானா, டெக்கெண்ட் என்ற இருவர் சேர்ந்து ‘ஹாம்லெட்டின் ஆலை’ என்று ஒரு தடித்த புத்தகம் எழுதினார்கள். உலகப் புராணங்களில் வரும் அரைக்கும் கல்லும் கடையும் மத்தும், நம் பாற்கடல் மந்தரமும் உட்பட, அயனச் சலனத்தின் ரகசியக் குறிப்பு என்றார்கள். மறுபடி ஓர் அரைப்பவர். லிட்டில்டேல் உயிரோடு இருந்திருந்தால் விட்டிருக்க மாட்டார். படிக்கச் சுவையான நூல். நிரூபணம் தேடினால் கைக்கு அகப்படாது.

அப்படியானால் வானத்துக்கும் கதைக்கும் உறவே இல்லையா? அப்படிச் சொல்ல லாங்கே தயாராக இல்லை. 1884-இல் அவர் வெளியிட்ட நூலில் விண்மீன் கதைகளுக்கென்று ஒரு அத்தியாயமே இருக்கிறது. நாம் கார்த்திகை என்றும் சங்கப் புலவர்கள் அறுமீன் என்றும் சொன்ன கூட்டத்தைக் கிரேக்கர்களும் ஆஸ்திரேலியத் தொல்குடிகளும் இளம்பெண்கள் என்று பார்த்ததை அவர் கவனித்தார். இந்தக் கதைகளில் யாரும் வேர்ச்சொல் தோண்ட வேண்டியதில்லை. சொல்கிறவரே விரலை நீட்டி, அதோ பார் என்கிறார். சதபத பிராமணம் இதைக் குடும்பப் பிரச்சினையாகவே சொல்கிறது: கார்த்திகைப் பெண்கள் ஏழு முனிவர்களின் மனைவியர், ஆனால் அவர்கள் கிழக்கே உதிக்க, கணவன்மார் வடக்கே உதிப்பதால் சேர்ந்து வாழக் கொடுத்துவைக்கவில்லை.

இன்னும் வெளிப்படையானது ஐதரேய பிராமணத்தில் இருக்கிறது. பிரஜாபதி தன் மகளின் மீது ஆசைப்பட்டார். அவள் பெண் மானாகி ஓடினாள். இவர் கலைமானாகித் துரத்தினார். செய்யத் தகாததைச் செய்கிறாரே என்று பதறிய தேவர்கள், தங்களிடமிருந்த உக்கிரத்தையெல்லாம் ஒன்றுதிரட்டி ருத்திரனை உண்டாக்கி அனுப்பினார்கள். அவன் எய்தான். அடிபட்ட மான் மேலே தாவிப் போனது. இதுவரை புராணம். அடுத்து நூல் தானே சொல்கிறது: அந்த மான்தான் மிருகம் என்ற விண்மீன், எய்தவன் மிருகவியாதன், பெண் மான் ரோகிணி, அந்த அம்பு மூன்று கணு உள்ள அம்பு.

திலகர் 1893-இல் எழுதிய ‘ஓரியன்’ நூலுக்கு இந்தக் கதை முக்கியமான ஆதாரம். வசந்த காலச் சமநாள் மிருகசீரிடத்தில் விழுந்த காலத்து நினைவு இது என்று கொண்டு, வேதத்தைக் கி.மு. 4000-க்கும் முன்னால் தள்ளினார். நான்கு வருஷம் கழித்து அவர் ராஜத்துரோக வழக்கில் சிறைக்குப் போனபோது, விடுதலை கேட்டு ராணிக்கு எழுதியவர்களில் மாக்ஸ் முல்லரும் ஒருவர். திலகரின் ஆண்டுக்கணக்கை ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. மானும் வேடனும் ஓடும் கதையில் சமநாள் பேச்சே இல்லை. அது அவர் கொண்டுவந்து சேர்த்தது. ஆனால் நூல் சொன்ன நான்கு விண்மீன்களும் யாரும் கணித்துக் கொடுக்க வேண்டாதவை.

தை, மாசியில் இரவு எட்டு மணிக்கு மொட்டைமாடிக்குப் போய் நில்லுங்கள். தலைக்கு அருகே, ஒரே கோட்டில் நெருக்கமாக மூன்று விண்மீன்கள் தெரியும். அவைதான் அம்பின் மூன்று கணு. சுற்றி நாலு மூலையில் நிற்பவை மானின் கால்கள். கோட்டைத் தென்கிழக்கே நீட்டினால் வானத்திலேயே பிரகாசமான விண்மீனில் போய் முட்டும். அது வேடன். அதே கோட்டை வடமேற்கே நீட்டினால் செம்மஞ்சளாக ஒன்று மினுங்கும். ரோகிணி. அவளுக்கும் அப்பால் கார்த்திகைப் பெண்கள் ஆறு பேர். இரவு ஏற ஏற எல்லோரும் மேற்கே இறங்குகிறார்கள். முன்னால் ரோகிணி, பின்னால் அம்பு தைத்த மான், அதற்கும் பின்னால் வேடன்.

(தொடரும்)